ஐந்தாவது செல்

செகெட் நகரில் டிராம்கள் அடங்கிவிட்ட நேரம்.
திஸா ஆற்றின் மூடுபனி
மூன்றாம் மாடி ஜன்னல்வரை ஏறி நிற்கிறது.

காலை பதினொன்றுக்கு வந்த துண்டு,
சர்க்கரைக் கட்டி அளவு,
பனிபோல் குளிர்ந்த கரைசலில், ஆக்சிஜன் குமிழ்கள் நடுவே.
ஆழத்தில் இருந்த கட்டியை எட்டுவதற்காக
வழியில் வெட்டியெடுத்த மூளைப் புறணி.
இங்கே வராவிட்டால் எரிகலனுக்குப் போயிருக்கும்.
சம்மதித்துக் கையெழுத்திட்டவள்
இரண்டாம் எண் டிராம் ஓட்டுகிறவள்
என்பது எப்படியோ கசிந்துவிட்டது.
பெயர் தெரியாது. தெரியக் கூடாது.

கண்ணாடிக் குழாயின் நுனியை
ஒரு செல்லின் மேல் இறக்கி
ஓர்ஷோயா வாயால் உறிஞ்சுகிறாள்,
சுடுகிற தேநீருக்கு வேண்டிய மூச்சுகூட இல்லை,
அதில் பாதி.
ஒட்டுகிறது. சவ்வு கிழிகிறது. உள்ளே.

எல்லோருக்கும் ஒரே கேள்வி,
அரை நொடி மின்னோட்டம்.

முதல் செல்
டக் டக் டக்  டக்   டக்      டக்
மூட்டை தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவர் மாதிரி
படிக்குப் படி தாமதித்தது.
பாலிண்ட் தலை நிமிராமல் எழுதினான், பிரமிடு.

இரண்டாவது மூச்சே விடவில்லை.
தடதடதடதடவென்று ஒல்லி ஒல்லியான துடிப்புகள்,
கடைசியிலும் முதலில் இருந்த வேகம்.
அக்கம்பக்கத்தை அடக்கி வைப்பதே பிழைப்பு என்றால்
களைத்துப்போக முடியுமா?
கூடைச் செல்.

மூன்றாவது, பொலபொலவென்று நாலைந்தைக் கொட்டிவிட்டு
அப்புறம் கருமி மாதிரி ஒவ்வொன்றாய் எண்ணிக் கொடுத்தது.

நான்காவது திக்கியது.
திக்கும் வகை என்றே பட்டியலில் ஒன்று உண்டு.
பாலிண்ட் பத்து வயதுவரை திக்கியவன்.
அந்தச் சொல்லை எழுதும்போது மட்டும்
அவன் எழுத்து சின்னதாகிவிடும்.

சளசள, மளமள, படபட.
பிரித்தால் பொருள் தராத சொற்கள்.
ஒரு துடிப்பைத் தனியே நறுக்கி வைத்தால்
ஒல்லியா தடிமனா என்று சொல்லலாம்,
அதற்குமேல் அது வாய் திறக்காது.
ஆளைக் காட்டிக் கொடுப்பது
நடுவே விட்ட இடைவெளி.

ஐந்தாவது.
மின்னோட்டம் கொடுத்தாள். பேசவில்லை.
கூட்டினாள். பேசவில்லை.
"போய்விட்டது," என்றான் பாலிண்ட்.
மணி இரண்டு பத்து.
இன்னும் இருபது பிகோ ஆம்பியர்.
திரையில் கோடு
பாலத்துச் சரிவில் மிதிக்கிற சைக்கிளாய்
ஏறி ஏறி
நானூறு மில்லி நொடி கழித்து
டக்.
ஒன்றே ஒன்று.

மறுபடி கேட்டாள். அதே இடத்தில், அதே ஒன்று.

தாமதிக்கும் வகை என்று எழுதப் போனவனை
"பென்சிலை வை," என்றாள்.
இன்னும் கூட்டினால் உடனே பேசியது,
முதல் செல்லைப் போலவே தளர்ந்து தளர்ந்து.
அடுத்த முறை திக்கியது.
அதற்கடுத்த முறை பழையபடி மௌனம்.
பதினோரு பெயர்கள் கொண்ட பட்டியல்,
ஒன்றிலும் உட்கார மறுத்தது.

உடம்பை விட்டு வந்து பதினைந்து மணி நேரம்,
அந்தக் களைப்பா?
குழாய் குத்திய காயமா?
இல்லை, அவளுக்குள்ளும் இப்படித்தானா,
தண்டவாளத்தில் ஒரு நாய் நிற்கும்போது
மணி அடிக்கலாமா என்று
லட்சம் பேர் ஒரே சமயம் கத்துகிற கூட்டத்தில்
கடைசி வரிசையில் உட்கார்ந்து
ஆளுக்கொரு குரலில் பேசிப் பார்த்துக்கொண்டு?

சாயம் ஏற்றியாயிற்று. உருவம் வியாழக்கிழமை தெரியும்.
போன மாதம் உருவம் ஒன்று சொன்னது,
துடிப்பு வேறொன்று சொன்னது,
இருவரும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

நாலே முக்காலுக்குக் கீழே முதல் டிராம்.
மணி அடித்தது.
நின்றது.
இன்னொரு முறை.
ஓர்ஷோயா ஜன்னலைப் பார்க்கவில்லை,
இரண்டுக்கும் நடுவில் இருந்ததைக் கேட்டாள்.
இன்று யாரோ மாற்று ஆள்.

வகை என்ற கட்டத்தில் பாலிண்ட்
ஒரு கோடு இழுத்தான்.
அழித்தான்.
காலியாகவே விட்டான்.